நிறைகோலாகிய ஆசான்: பேராசிரியர் வித்தியானந்தனும் பேராதனைக் கூத்தும்

மறைந்த ஆசிரியரை நினைவுகூர்ந்து எழுதப்படும் கட்டுரைகள் தமிழில் தனியொரு வகையாகவே வளர்ந்துவிட்டன. நினைவு மலர், நினைவுப் பேருரை, அஞ்சலியுரை என அதற்கு வடிவங்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்தவை. பிறந்த ஊரும் பெற்ற பட்டங்களும் முதலில் வரும். வகித்த பதவிகள் அடுத்து வரும். பண்புநலன்களின் புகழ்ச்சி அதன்பின் வரும். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்னும் முடிவுரையோடு கட்டுரை நிறைவெய்தும். அன்பின் வெளிப்பாடு என்ற அளவில் இவற்றிற் குறைகாண வேண்டியதில்லை. ஆயினும், ஆசிரியர் கற்பித்தவற்றுள் எது நிலைத்தது, எது மாற வேண்டியிருந்தது, எதனை அவர் தொடாது விட்டார் என்னும் வினாக்கள் இவற்றில் எழுவது அரிது.

நன்னூலார் நல்லாசிரியனுக்கு நான்கு உவமைகள் கூறுவார்: நிலம், மலை, நிறைகோல், மலர். அஞ்சலிக் கட்டுரைகளில் நிலத்தின் பொறுமையும் மலையின் உயர்வும் மலரின் மென்மையும் பலபடப் பேசப்படும். நிறைகோல் மட்டும் பெரும்பாலும் மறக்கப்படும். ஐயம் நீக்குவதும் நடுநிலையில் நிற்பதும் நிறைகோலின் இயல்புகள். ஆசிரியன் நிறைகோலாயின், அவன் மாணவர் கையில் விட்டுச் செல்வது பொருள் அன்று, அளக்கும் கருவியே. அக்கருவியால் உலகத்தை அளக்கலாம்; கருவியைத் தந்தவனையும் அளக்கலாம். அவ்வாறு அளத்தலே ஆசானுக்குச் செய்யும் உயர்ந்த அஞ்சலி என்பதற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் (1924-1989) நாடகப் பணி தக்கதொரு சான்றாகும்.

வித்தியானந்தன் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விபுலாநந்த அடிகளிடமும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையிடமும் பயின்றவர். இருவருமே நாடகத்தை ஆய்வுக்குரிய துறையாக மதித்தவர்கள். அடிகள் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி' நாடகவியல் பற்றியது. கணபதிப்பிள்ளையோ யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை மேடைக்குக் கொணர்ந்து, 1940இல் 'நானாடகம்' என்னும் தொகுதியை வெளியிட்டார். படித்தவர் நகைத்தற்குரியதாகக் கருதிய மொழியைப் பல்கலைக்கழக மேடையிலே ஒலிக்கச் செய்தது அவருடைய துணிவு. அவருடைய நாடகங்களைத் தயாரித்து மேடையேற்றியவர்களுள் மாணவரான வித்தியானந்தனே முதன்மையானவர்.

ஆயின், மாணவர் ஆசிரியரின் வழியிலேயே நின்றுவிடவில்லை என்பது நோக்கற்பாலது. கணபதிப்பிள்ளையின் நாடகங்கள் வீட்டுக் கூடத்தில் நிகழும் உரையாடல் நாடகங்கள். அமைப்பில் மேனாட்டு இயற்பண்பு நாடகத்தை ஒட்டியவை. மக்கள் வழக்கை மதிக்க வேண்டும் என்னும் அளவுகோலை ஆசிரியரிடம் பெற்ற வித்தியானந்தன், அதனை மொழியிலிருந்து நாடக வடிவத்துக்கு நீட்டினார். மக்களின் பேச்சு மேடைக்கு உரியதாயின், மக்களின் ஆட்டமும் பாட்டும் ஏன் உரியனவாகா என்னும் வினா அவ்வளவுகோலிலிருந்தே பிறக்கிறது. ஆசிரியரை மறுக்காமலே கடந்து சென்ற செயல் இது. 1950இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் பத்துப்பாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாத்தை ஏட்டிற் கற்றவர், வாழும் கூத்தரைத் தேடி மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் சென்றார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்து அண்ணாவிமாரை ஒன்றுகூட்டினார். 'அலங்காரரூபன்', 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி' முதலிய கூத்துநூல்களை 1960களில் பதிப்பித்தார்.

இம்முயற்சிக்குப் பேராதனைச் சூழல் அளித்த தூண்டுதலையும் மறத்தலாகாது. 1952இல் கொழும்பிலிருந்து பல்கலைக்கழகம் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்த சில ஆண்டுகளிலேயே, பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகத்துக்குப் புதிய பாதை வகுத்தார். 1956இல் மேடையேறிய 'மனமே' சிங்கள நாடகம் என்னும் கிராமிய மரபிலிருந்து பிறந்தது. அம்மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் இசையையும் ஆட்டத்தையும் சரச்சந்திரர் சாள்ஸ் சில்வா குருன்னான்சே என்னும் கிராமத்து ஆசானிடமிருந்து பெற்றார். தமிழ்க் கூத்தின் உறவுமரபொன்று ஒரு தேசிய நாடகத்தைத் தோற்றுவித்தபோது, தமிழ்க் கூத்தே நள்ளிரவுக் களரிகளில் படித்தவர் கண்படாது கிடந்தது.

1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', தொடர்ந்து 'இராவணேசன்', 'வாலிவதை' எனப் பேராதனையில் கூத்துகள் மேடை கண்டன. இவற்றைத் தனியொருவரின் சாதனையாகக் கொள்வது அஞ்சலிக் கட்டுரைகளின் வழக்கம். உண்மையோ அதனினும் சுவையானது. வித்தியானந்தன் கூத்தாடியவர் அல்லர். மத்தளம் பயின்றவரும் அல்லர். கூத்தை உடலில் தாங்கி வந்தோர் மாணவரே. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே சதங்கை கட்டிய சி. மௌனகுரு பேராதனைக்கு வந்த மாணவருள் ஒருவர். ஆட்டத்தைப் பழக்க ஊரிலிருந்து அண்ணாவியார் வந்தார். அண்ணாவியார் கற்பித்தார், மாணவர் ஆடினர், பேராசிரியர் கற்றார். எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் அவர் தம்மிடம் வைத்துக்கொண்டார். 'இராவணேசன்' நாடகத்தை எழுதியவரும் மாணவரான மௌனகுருவே. வதம் செய்யப்பட வேண்டிய அரக்கனாக அன்றி, தன் தருக்கினால் அழியும் அவல வீரனாக இராவணனை அது காட்டியது. தாம் அறியாத ஒன்றைத் தம் மாணவர் அறிவார் என்பதை ஏற்றுக்கொள்ளும் திறமே இந்த ஆசானின் தனிச்சிறப்பு எனலாம்.

இனி, நிறைகோலின் மறுதட்டையும் நோக்குதல் வேண்டும். ஊர்க்கூத்து விடியவிடிய ஆடப்படுவது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க வட்டக்களரியில் நிகழ்வது. பேராதனையில் அது ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்துள் அடங்கியது; ஒருபுறம் மட்டும் பார்வையாளரைக் கொண்ட படச்சட்ட மேடைக்கு ஏற்ப ஆட்டக் கோலங்கள் திருத்தப்பட்டன; திரும்பத் திரும்ப வரும் பாடல்கள் நீங்கின; உச்சரிப்பு செப்பமுற்றது. கூத்தை நகரத்தார்க்கும் கல்விமான்களுக்கும் ஏற்புடையதாக்க இவை வேண்டியிருந்தன. எனினும், கூத்து என்பது மேடையில் நிகழும் ஆட்டம் மட்டும் அன்று. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம், அதன்பின் வீடுவீடாகச் சென்று ஆடுதல் எனப் பல மாதம் ஓர் ஊரையே இணைத்து நிற்கும் சமூக நிகழ்வு அது. இவ்வூர்க் கட்டமைப்பு மேடையேறாதது, ஏற்ற முடியாததும்கூட.

இக்குறையை எடுத்துரைத்தவர்கள் வித்தியானந்தனின் மரபுக்குப் புறம்பானவர் அல்லர் என்பதே இங்கு முக்கியமானது. 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' பற்றி ஆராய்ந்து 1983இல் கலாநிதிப் பட்டம் பெற்ற மௌனகுரு, கூத்தை அதன் சமூகப் பின்னணியோடு வைத்து விளக்கினார். 1969இல் அவர் ஆக்கிய 'சங்காரம்', புராணக் கதையை விடுத்துச் சாதி, வர்க்க ஒடுக்குமுறைகளைக் கூத்தின் பொருளாக்கியது. ஆசிரியர் வடிவத்தை மீட்டார். மாணவர் அவ்வடிவத்தின் உள்ளடக்கத்தைக் கேள்விக்குட்படுத்தினார். பின்னர், கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையைச் சார்ந்த சி. ஜெயசங்கர் முதலியோர், கூத்தைச் செம்மைப்படுத்துதல் என்னும் கருத்தையே மறுத்தனர். கூத்து தாழ்ந்தது, படித்தவர் அதனைத் திருத்த வேண்டும் என்ற எண்ணத்திற் காலனித்துவ நோக்கு மறைந்துள்ளது என்பது அவர்தம் வாதம். 2000களின் முற்பகுதியில் மட்டக்களப்புச் சீலாமுனையில், ஊராரையும் அண்ணாவிமாரையும் முதன்மைப்படுத்தி, ஊர்க்களரியிலேயே கூத்தை மீளுருவாக்கும் முயற்சியை அவர்கள் மேற்கொண்டனர்.

இவ்விவாதத்தில் ஒரு பக்கத்தை முற்றாக ஏற்றல் எளிது. வித்தியானந்தனைக் காவலராக்கிப் பிறரை நன்றி மறந்தோராக்கலாம். அன்றேல், அவரைக் கூத்தின் உயிரைப் பறித்தவராக்கலாம். இரண்டும் வரலாற்று நோக்கு ஆகா. 1950களில் கூத்து எங்ஙனம் மதிக்கப்பட்டது என்பதை மறந்து அவரைக் குறைகூறல் நேரிதன்று. ஊர்க்களரியின் மதிப்பு இன்று பேசப்படுவதற்கே, கூத்து ஆய்வுக்குரியது என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டமை முன்நிபந்தனையாயிற்று. அதேவேளை, அந்நிபந்தனையை நிறைவேற்றியவர் என்பதனால் அவர் செய்த சுருக்கங்களெல்லாம் இலக்கணமாகிவிடா. கூத்து மக்களுடையது என்று முதலிற் பேராதனையிற் சொன்னவர் வித்தியானந்தனே. அம்மக்களின் களரியிலேயே அது நிலைபெற வேண்டும் என்னும் பிற்கால வாதம் அச்சொல்லின் நேரிய தொடர்ச்சியேயாம்.

இவ்விவாதங்களில் அதிகம் பேசப்படாத குறையொன்று பேராதனைக்கு மிக அண்மையிலேயே உண்டு. மேற்கூறிய நான்கு கூத்துகளுள் மலையகக் கூத்து எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் மேல் எழுந்து நிற்பது அந்தனை மலை. அதற்கப்பால், 1867இல் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய லூல்கந்துரா உட்படக் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களில் மாசித் திங்களில் தப்பொலியுடன் காமன்கூத்து நிகழ்வது நெடுநாள் வழக்கு. மன்மதனின் தகனத்தையும் இரதியின் புலம்பலையும் பல நாட்களாக ஊரே கூடி நிகழ்த்தும் கூத்து அது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அங்கு ஆடப்பட்டன. மட்டக்களப்பும் மன்னாரும் நெடுந்தொலைவு. இவையோ மலைக்கு அப்புறம்.

இதற்குக் காரணம் பேராசிரியரின் அலட்சியம் என்று கொள்வதற்கில்லை. கூத்து பேராதனைக்கு வந்த வழியை நோக்கின் காரணம் விளங்கும். மட்டக்களப்புக் கூத்து மட்டக்களப்பு மாணவரோடு வந்தது. மாணவர் வந்தமையால் அண்ணாவியாரும் வந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோ அக்காலத்திற் பல்கலைக்கழக வாயிலை எட்டுவது மிக அரிதாயிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்திருந்த அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. பேராதனையிற் கூத்து மறுமலர்ச்சியுற்ற அதே ஆண்டுகளில், மலைக்கு அப்பாலிருந்த கூத்தர்களும் தப்பிசைஞர்களும் எந்த நாட்டிற்கு உரியோர் என்பது எண்ணிக்கையாற் பேரம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களின் பாடல்களைத் தொகுத்து 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கியவர் பேராசிரியர் எவரும் அல்லர். அம்மலைகளிலேயே பிறந்து தொழிற்சங்கப் பணி செய்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையே.

மாணவரிடமிருந்து கற்கும் ஆசிரியனுக்கு ஓர் எல்லை உண்டென்பதை இது காட்டுகிறது. வகுப்பறைக்கு வராத மாணவரிடமிருந்து அவன் கற்க முடியாது. வித்தியானந்தனின் பணியில் மலையகம் ஒரு வெற்றிடமாயின், அது ஒரு தனிமனிதரின் குறையாக அன்றி, பல்கலைக்கழகத்தின் வாயிலில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதன் பதிவாகவே கொள்ளத்தக்கது. இவ்வெற்றிடத்தைக் காணும் கண்ணும் அவர் மரபு தந்ததே. கூத்து எங்கு வாழ்கிறதோ அங்குச் செல்லுதல், ஆடுவோரையே ஆசானாகக் கொள்ளுதல் என்னும் நெறியைப் பேராதனையில் நாட்டியவர் அவர்.

நன்னூலார் மாணாக்கருள் அன்னத்தைத் தலையிலும் கிளியை இடையிலும் வைத்தார். கிளி கற்றதை ஒப்புவிக்கும்; அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். வித்தியானந்தன் 1977இல் பேராதனையை நீங்கி யாழ்ப்பாண வளாகத்தின் தலைவரானார். 1979 முதற் பத்தாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் அங்குத் துணைவேந்தராயிருந்தார். 1989 சனவரியில் மறைந்தார். அவர் பெயராற் கிளியுரைகள் போதிய அளவு கிடைத்துவிட்டன. அவரோடு வாதிட்டு அவர் பணியை நீட்டிய அன்னங்களே அவரை இறந்தகாலத்தவராகாமற் காத்தனர். அவர் காலத்திற் பேராதனை வாயிலை எட்டாத தோட்டத்துப் பிள்ளைகள் இன்று தமிழ்த்துறை வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களோடு காமன்கூத்தின் ஆசான்களும் அதே வாயிலால் வரும்போது, 1962இல் தொடங்கிய அப்பணி மலையின் மறுபுறத்தையும் தொடும்.