அமுக்காத கையின் திறமை

மசாஜ் என்றால் உடம்பு முறிய அமுக்குவது என்று பழகியவர்களுக்கு நிணநீர் வடிப்பு மசாஜ் ஏமாற்றமாக இருக்கும். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணக்கணுக்களை எடுத்தபின் சிலருக்குக் கை வீங்கும். அதற்கான சிகிச்சையில் இந்த மசாஜும் ஒன்று. விரல்கள் தோலைச் சற்றே இழுத்து விடுகின்றன, அவ்வளவுதான். பெரும்பாலும் எண்ணெய்கூடத் தடவுவதில்லை. வழுக்கினால் தோல் இழுபடாது. நிணநீருக்கென்று இதயம் போல ஒரு பம்பு இல்லை; இந்த இழுப்புதான் அது நகர உதவுகிறது. அதை ஏந்தும் நுண்குழாய்கள் தோலையொட்டியே இருப்பதால், அமுக்கினால் நசுங்கும். 1936இல் பாரிஸில் இம்முறையை முன்வைத்த டென்மார்க்கின் எமில் வாடர் வலியுறுத்தியதும் இந்த மென்மையைத்தான். வரிசையும் அழகானது: முதலில் கழுத்து, பிறகு மறுபக்க அக்குள், அதன்பின்தான் வீங்கிய கை. சாக்கடையின் வாயைத் தூர்வாராமல் தெருவில் தேங்கிய நீரைத் தள்ளி என்ன பயன்?

இவ்வளவு மெல்லத் தொட்டால் வீக்கம் வடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. 2015இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பும் அடக்கமாகவே பேசுகிறது: அழுத்தக் கட்டுடன் சேரும்போது, வீக்கம் அதிகமில்லாதவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கலாம். ஆகவே கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இது துணையே, மாற்று அல்ல. தொற்று, ரத்தக்கட்டி, கட்டுப்படாத இதயச் செயலிழப்பு இருந்தால் செய்யவும் கூடாது. எல்லை குறுகியது என்பதால் கலை சிறுத்துவிடாது. எங்கே, எவ்வளவு தொடுவது என்று அறியக் கைக்குப் பயிற்சி வேண்டும், பலத்தைக் காட்ட அது தேவையில்லை.