தலைமையாசிரியர் இல்லாத பாடசாலை

ஆசிரியன் உரைத்ததை அமைவுறக் கொண்ட மாணாக்கனும் கல்வியிற் காற்பங்கே பெறுவான். தன்னோடு ஒத்தாரோடு பயின்று மற்றொரு காற்பங்கைப் பெறுவான். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்குங்காலே கைவரும். இது பவணந்தி முனிவர் நன்னூலிற் கூறிய கணக்கு. இக்கணக்கை நாம் மாணவர்க்கு ஓதுவோம். நமக்கு நாமே ஓதிக்கொள்வது அரிது. பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறிய நாளோடு உடன்பயில்வாரால் வரும் காற்பங்கு நம்மை விட்டு நீங்கிவிடுகின்றது. வகுப்பறைக் கதவு சாத்தப்பட்டதும் ஒவ்வோர் ஆசிரியரும் தனியரசர் ஆகிவிடுகின்றார். அவர் பிழை செய்யினும் கண்டு சொல்வாரில்லை. நன்று செய்யினும் கண்டு கற்பாரில்லை.

மொண்டிசூரி அம்மையார் பெயரால் இத்தாலி நாட்டின் பாலர் கல்வியை நாம் நெடுங்காலமாக அறிவோம். அந்நாட்டின் வடபகுதியிலுள்ள றெஜியோ எமிலியா என்னும் நகரமோ, பாலர்க்குக் கற்பிப்போர் தாம் எவ்வாறு ஒருங்கு கற்றல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை தேடியது. அவ்விடையை உலகறியச் செய்தது 'குழந்தைகளின் நூறு மொழிகள்' என்னும் பொருள்படும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுதி. கறொலின் எட்வேட்ஸ், லெல்லா கண்டினி, ஜோர்ஜ் போர்மன் என்னும் மூவர் பதிப்பிக்க, 1993 இல் அது முதன்முதல் வெளிவந்தது. அந்நூல் கூறும் கூட்டுத் தலைமை எத்தகையது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1945 இல் யுத்தம் முடிந்த வேளையில், நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரார், யேர்மன் படை விட்டுச் சென்ற ஒரு யுத்த டாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அப்பணத்தைக் கொண்டு தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினர். அச்செய்தி கேட்டுச் சைக்கிளிற் சென்ற இளம் ஆசிரியரே லோறிஸ் மலகுட்சி. பின்னர் 1963 இல் நகரசபை தன் முதற் பாலர் பாடசாலையைத் திறந்தபோது, அவரே அம்முயற்சிக்கு உயிராய் நின்றார். 1994 இல் அவர் காலமானார்.

இப்பாடசாலைகளின் அமைப்பு நம்மனோர்க்கு வியப்புத் தருவது. தலைமையாசிரியர் என ஒருவர் இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒத்த தகுதியுடைய இருவர் உளர். ஒருவர் மற்றவர்க்கு உதவியாளர் அல்லர். மூன்று வயது முதல் ஆறு வயது வரை அதே பிள்ளைகளோடு அவ்விருவரும் இருப்பர். சித்திரம் முதலிய கலைகளில் வல்ல ஆசிரியர் ஒருவரும் பாடசாலைதோறும் உண்டு. சமையல் செய்வோரும் பிற உதவியாளரும் கூடக் கல்விப் பணியிற் பங்காளிகளாகவே கருதப்படுகின்றனர்.

இவற்றினும் மேலாக எம் கருத்தைக் கவர்வது அவர்தம் பதிவு முறை. பிள்ளைகளின் பேச்சை ஒருவர் ஒலிப்பதிவு செய்து எழுதி வைப்பார். அவர்கள் செய்தவற்றைப் படம் பிடிப்பார். வரைந்தவற்றைச் சேர்த்து வைப்பார். பின்னர் அவற்றைச் சகஆசிரியர் முன் பரப்பி, இப்பிள்ளை இங்கே எண்ணியது யாது, நான் இடைபுகுந்தது தகுமா, பொறுத்திருந்திருக்க வேண்டுமா என வினவுவார். வாதம் நிகழும். ஆனால் அவ்வாதம் ஆளைப் பற்றியதன்று; கண்முன் கிடக்கும் சான்றைப் பற்றியது. கருத்து வேற்றுமை பகையாக மாறாமைக்கு இதுவே காரணம் என்பது எம் துணிபு. சான்றின்றிக் கூடிப் பேசுமிடத்து மூத்தவர் சொல்லோ உரத்த குரலோ வெல்லும். சான்று உள்ள இடத்து இளையவர் கண்டதும் ஏற்கப்படும். தலைமை பகிரப்படுவது இவ்விடத்திலேயாம்.

இதற்கு நேரம் வேண்டுமன்றோ? ஆசிரியரின் வாரவேலை 36 மணித்தியாலம் என்றும், அதில் 30 பிள்ளைகளோடும், எஞ்சிய 6 கூட்டம், ஆயத்தம், பதிவு ஆகியவற்றிலும் கழியும் என்றும் நூல் கணக்குத் தருகின்றது. இந்த ஆறு மணித்தியாலமும் ஊதியத்துக்குரிய வேலையே. நல்லெண்ணத்தால் தரப்படும் தானமன்று. இவ்வமைப்பின் ஆணிவேர் இங்கே உளது. இதை விடுத்து 'ஒற்றுமை', 'தோழமை' என்னும் சொற்களை மட்டும் எடுத்துச் செல்வோர் நிழலையே கொண்டுபோகின்றனர்.

நூலிற் குறையும் உண்டு. தலைமை மறைந்துவிட்டது போன்ற தோற்றத்தை அது தருகின்றது. உண்மையில் தலைமை இடம்பெயர்ந்ததேயன்றி மறையவில்லை. பல பாடசாலைகளை ஒருங்கிணைத்து நெறிப்படுத்தும் கல்வி இணைப்பாளர்கள் உளர்; அவர்களுக்கு மேலே நகர நிருவாகம் உண்டு; அனைவர்க்கும் மேலே நெடுங்காலம் மலகுட்சி என்னும் ஒருவரின் ஒளி பரவியிருந்தது. தலைவரின்றி நடப்பதாகக் கூறும் முயற்சி ஒருவர் பெயராலேயே அறியப்படுவதை நூலாசிரியர் போதிய அளவு வினவிலர்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். முதற்பதிப்பில், இணைப்பாளரின் பணியை ஓர் இணைப்பாளரே பேட்டியில் விளக்குகின்றார். கலையாசிரியரின் பணியை ஒரு கலையாசிரியரே விளக்குகின்றார். நாள்தோறும் பிள்ளைகளோடு நிற்கும் வகுப்பாசிரியரின் பணியையோ, அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய எட்வேட்ஸ் விளக்குகின்றார். ஆசிரியர் கூற்றுகள் இடையே வருவது உண்மையே. எனினும், பள்ளியிற் சமமாகப் பகிரப்பட்ட குரல் நூலிற் சமமாகப் பகிரப்படவில்லை.

இக்குறைகள் நூலின் பயனை அழிப்பன அல்ல. நாம் அதனைப் படிக்கும் முறையைத் திருத்துவன. அதிபர் பதவியை ஒழித்தல் வேண்டுமென்று அதிலிருந்து கற்க வேண்டியதில்லை. சுற்றறிக்கை வாசித்து, கையொப்பம் இட்டு, மணியடித்ததும் கலையும் ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுக்கல்வி என அழைத்தல் தகாது என்பதையே கற்க வேண்டும். நேரசூசியில் வாரத்துக்கு ஒரு பாடவேளை. அதில் ஒருவர் தம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதியதை மேசைமீது வைத்து, தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் துணிவு. தொடக்கத்துக்கு இவையிரண்டும் போதும். பாலர்க்குக் கற்பிப்போருக்கு மட்டுமன்றி, பல்கலைக்கழக வாசல்வரை மாணவரை நடத்திச் செல்லும் நமக்கும் இது பொருந்தும். நன்னூலார் வகுத்த நாற்கூறுகளில் காற்கூற்றோடு அமைந்திருப்பவர் பிறர்க்கு முழுக்கல்வி வழங்குதல் எங்ஙனம்?