ஊதா நாளும் இரண்டு சொல்லும்

கனடா நாடாளுமன்றம் 2012 ஜூனில் ஒரு சின்னச் சட்டம் போட்டது. பெயர் 'பர்ப்பிள் டே சட்டம்'. ஆண்டுதோறும் மார்ச் 26 வலிப்பு நோய் பற்றிய விழிப்புணர்வு நாள் என்கிறது, அவ்வளவுதான். வாசிக்க ஐந்து நிமிஷம் போதும். இந்த மாதிரி 'நாள்' சட்டங்களால் நிஜமாகவே ஏதாவது பிரயோஜனம் உண்டா என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதைக் கேட்க இது நல்ல உதாரணம்.

முதலில் கதை. நோவா ஸ்கோஷியாவில் கேசிடி மேகன் என்ற ஒன்பது வயதுச் சிறுமிக்கு வலிப்பு நோய். தன்னைப் போன்றவர்கள் தனியாக இல்லை என்று தெரியவேண்டும் என்பது அவள் ஆசை. 2008-ல் அவள் தொடங்கியதுதான் பர்ப்பிள் டே. ஊதாவுக்குக் காரணம் லாவெண்டர் பூ. தனிமையோடு சேர்த்துச் சொல்லப்படும் பூ அது. நான்கு வருஷத்தில் அது சட்டமாகிவிட்டது.

சரி, சட்டத்துக்குள் என்ன இருக்கு? முகவுரையில் அந்தச் சிறுமியும் நோயும் வருகிறார்கள். உள்ளே போனால் நாளுக்குப் பெயர் வைக்கிறது. இது விடுமுறை நாள் இல்லைன்னு மறக்காமல் சொல்கிறது. நிதி கிடையாது. பள்ளிக்கூடத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ எந்தக் கடமையும் கிடையாது.

இதற்கு ஒரு காரணம் நடைமுறையிலேயே இருக்கிறது. மசோதாவைக் கொண்டுவந்த ஜெஃப் ரீகன் அப்போது எதிர்க்கட்சி உறுப்பினர். கனடாவில் தனிநபர் மசோதா அரசின் பரிந்துரை இல்லாமல் பொதுப்பணத்தைச் செலவழிக்க வழி செய்ய முடியாது. ஆக, காசு கேட்காத மசோதாதான் சுலபமாக நிறைவேறும். 'நாள்' சட்டங்கள் பெருகுவதற்கும் அவை வெறுங்கையோடு வருவதற்கும் காரணம் ஒன்றே.

அப்படின்னா வீண்தானா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். வலிப்பு மறைக்கப்படுகிற நோய். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழமுடியும். ஆனால் மாத்திரை வாங்கப் போவதற்கு முன்னால் "எனக்கு இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வாயைத் திறக்க ஒரு நாள் உதவலாம். மேகன் கேட்டதும் அதைத்தானே?

என் குறை வேறு இடத்தில். இந்த நாள் ஞாபகப்படுத்துவது நிறத்தை. நிறத்தைவிட ஞாபகம் இருக்கவேண்டியது நாலு விஷயம்: வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். வகுப்பு மொத்தமும் ஊதாச் சட்டை போட்டு வந்து, ஒரு குழந்தை விழும்போது யாராவது ஸ்பூனைப் பல்லுக்கு நடுவில் வைத்தால், அந்த நாள் தோற்றுவிட்டது என்றுதான் அர்த்தம். நம்ம ஊரில் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் இதே கணக்கில்தான் வரும். பள்ளியில் இந்த நாலையும் சொல்லிக்கொடுக்கச் சொல்லி ஒரு வரி போட்டிருக்கலாமே என்றால், கனடாவில் பள்ளிக் கல்வி மாகாணங்களின் கையில். அது அவர்கள் போடவேண்டிய வரி.

இதோடு வைத்துப் பார்க்க இந்தியாவிலிருந்து ஒரு சட்டம். இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் ஒரு திருத்தம் வந்தது. அடிக்கடி மனநோயோ வலிப்போ வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்று ஆக்கிய திருத்தம். அதைக் காட்டி ஒரு கல்யாணத்தையே செல்லாததாக்கக் கோர்ட்டுக்குப் போகலாம். 1999-ல் இன்னொரு திருத்தம் வந்து "அல்லது வலிப்பு" என்ற இரண்டு சொல்லை நீக்கியது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அதேபோல். அந்தத் திருத்தம் எந்த நாளுக்கும் பெயர் வைக்கவில்லை, எந்த நிறத்தையும் சொல்லவில்லை. ஆனால் வலிப்பு இருக்கிற ஒரு பெண்ணின் கல்யாணத்தை அந்த நோயை மட்டும் காட்டி உடைக்க இருந்த ஒரு வழி அடைபட்டது.

ஆனாலும் பெண் பார்க்கும் வீட்டில் இன்னும் மறைக்கிறார்கள். கல்யாணமானபின் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரை போடமுடியாமல், மாத்திரையையே விட்டுவிட்டு, மறுபடி வலிப்பு வந்து விழுகிற பெண்கள் இருக்கிறார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்த சொல் ஊர்வாயிலிருந்து போகவில்லை. அந்த வேலைக்குத்தான் நாள் வேண்டும். இந்தியாவில் நவம்பர் 17-ம், உலக அளவில் பிப்ரவரி இரண்டாம் திங்களும் வலிப்பு நோய்க்கான நாட்களாக ஏற்கனவே இருக்கின்றன. நாளுக்குப் பஞ்சமில்லை.

உலக சுகாதார அமைப்பின் 2022–2031 செயல்திட்டத்தில் ஒரு இலக்கு இருக்கிறது: 2031-க்குள் 80 சதவீத நாடுகள் வலிப்பு உள்ளவர்களின் உரிமையைக் காக்கும் சட்டங்களை இயற்றியிருக்க வேண்டும், அல்லது புதுப்பித்திருக்க வேண்டும். ஊதா நாளை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை. அடுத்த மார்ச் 26-ல் எத்தனை கட்டிடங்களில் ஊதா விளக்கு எரிந்தது என்பதை விட்டுவிட்டு, அந்த வருஷம் எந்தச் சட்டத்திலிருந்து எந்தச் சொல் போனது, எந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் அந்த நாலு விஷயத்தைக் கற்றார்கள் என்று கேட்போம். பதில் இருந்தால், சட்டம் ஒரு பக்கமே இருந்தாலும் அது போதும்.