நடந்த வழியும் எழுதிய வழியும்: கதிர்காமப் பாதயாத்திரைக் குறிப்புகள் பற்றி ஒரு நோக்கு

கதிர்காமப் பாதயாத்திரை பற்றிக் கோயில் மலர்களிலும் சஞ்சிகைகளிலும் வெளிவரும் அனுபவக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிற் புறப்பாடு. வற்றாப்பளை, வெருகல், மண்டூர், திருக்கோவில் எனத் தலங்கள்தோறும் தரிசனம். உகந்தையிற் காடு புகுதல். ஈற்றில் மாணிக்க கங்கை. இவ்வெழுத்துகளை மதிப்பிடுவோர் பக்திச் சுவையையும் மொழிநடையையும் நோக்கி அமைந்துவிடுகின்றனர். எழுதியவர் அவ்வழி முழுவதையும் நடந்தாரா என்ற வினா எழுப்பப்படுவதில்லை. நேர்த்திக்கடனைச் சோதித்தல் பண்பன்று என்னும் தயக்கமே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

தயக்கம் நியாயமானதே. இவ்வழிக்குச் சான்றிதழ் இல்லை. ஸ்பெயின் நாட்டுச் சாந்தியாகோ யாத்திரையில் 100 கிலோமீற்றரையேனும் நடந்ததற்கு முத்திரைகள் காட்டினாற்றான் சான்றிதழ் கிடைக்கும். கதிர்காம வழியில் அடியாரின் சொல்லே சான்று. நோயாளரும் முதியோரும் விடுமுறை குறைந்த ஊழியரும் பொத்துவில்வரை பேருந்தில் வந்து அங்கிருந்து நடத்தல் வழக்கம், அதிற் குறையேதுமில்லை. குறை நிகழ்வது, பேருந்தில் வந்த தொலைவும் நடந்த கணக்கிற் சேர்க்கப்பட்டு அச்சேறும்போதுதான். நேர்த்தி முருகனுக்கும் அடியாருக்கும் இடையிலானது; அச்சேறிய குறிப்போ பின்வருவோர்க்கு வரலாற்று ஆவணம்.

இவ்வகையிற் பொத்துவில் உற்றுநோக்கத்தக்க இடம். கிழக்குக் கரையோரமாக வரும் பெருவீதி இங்கு இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று மேற்கே திரும்பிச் சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல வழியாக வாகனத்தைக் கதிர்காமம் சேர்க்கும். மற்றொன்று அறுகம்பை, பாணமை கடந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் உகந்தையை அடையும். அதற்கப்பால் குமண வனம். ஆண்டுதோறும் குறித்த சில நாள்களுக்கே யாத்திரிகர்க்குத் திறக்கப்படுவது. கும்புக்கன் ஓயாவை இறங்கிக் கடந்தே செல்லவேண்டிய அவ்வழியிற் பேருந்து இல்லை. ஆகவே காட்டுப் பகுதியைப் பற்றிய எழுத்திற் பொய்க்கு இடம் குறைவு. ஐயத்திற்குரியது அதற்கு வடக்கேயுள்ள நெடுந்தொலைவே.

அந்நெடுந்தொலைவு எழுத்தில் எவ்வாறு இடம்பெறுகின்றது? தலங்களின் பட்டியலாகவே. மண்டூரிலிருந்து திருக்கோவிலுக்கு ஒரே வாக்கியத்திற் தாவிவிடலாம். ஆனால் கடற்கரை வீதியால் நடந்துவரும் ஒருவர் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரும் ஊரும் ஒட்டிக்கிடக்கும் நீண்ட குடியிருப்பினூடே, பள்ளிவாசல்களின் பாங்கொலி மாறிமாறிக் கேட்க, வெயிலில் வரவேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட வாசல் முஸ்லிம் வீட்டு வாசலாக இருந்திருத்தல் கூடும். கதிர்காமத்திலும் ஒரு பள்ளிவாசல் உண்டு. விழாக் காலத்தில் அங்கும் கொடியேறும். இவை யாவும் தலப்பட்டியலில் விடுபடுகின்றன. பட்டியலைப் பேருந்திலிருந்தும் எழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். இடைவெளியை நடந்தவரே எழுத முடியும்.

இத்தகைய வினா பிறநாட்டிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுவழி இன்று ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளமுடையது. அதனைப் பேணும் அமைப்பு, முடித்தேன் என்பவரின் சொல்லை நம்பியே பதிவு செய்கின்றது. 1948இல் ஒரே நடையில் முடித்த முதல்வராகப் போற்றப்பட்டவர் ஏர்ல் ஷாபர். 2011இல் வழக்கறிஞர் ஒருவர், ஷாபர் வழியில் எழுதிவந்த குறிப்பேட்டையே ஆராய்ந்து, ஏறத்தாழ 170 மைல் குறுக்கு வழியிலும் வாகனத்திலும் கடக்கப்பட்டதென வாதிட்டார். அவ்வாதத்தின் வலிமை எவ்வாறாயினும், வாகனம் ஏறியதை அன்றே எழுதிவைத்த கை ஷாபருடையதே என்பது கவனத்திற்குரியது. விடுபாடு குறிப்பேட்டில் இருந்தது; புகழில் இல்லை. பிற்காலத்தார் விரும்பிய ‘முழுமை’ அவர்மீது ஏற்றப்பட்டதெனக் கொள்ளவும் இடமுண்டு.

ஈழத்து நிலையில் இவ்வினா மேலும் கனதியானது. 1983இன் பின் வடக்கிலிருந்து இடையறாது நடத்தல் இயலாதாயிற்று. 1988இல் பற்றிக் ஹரிகன் முதலானோரின் முயற்சியால் யாத்திரை மீட்கப்பட்டபோதும், 2009வரை போர் அதன் மேற் கவிந்தே இருந்தது. இடையே 2004இன் கடற்கோள் இக்கரையோர ஊர்களை அழித்துச் சென்றது. வழி ஏன் அறுந்தது, எங்கே வாகனம் ஏறவேண்டியதாயிற்று, எந்த ஊருக்குள் நடந்து போக அஞ்சினர் என்பவை அடியாரின் பலவீனங்களல்ல; அக்காலத்தின் சாட்சியங்கள். அவற்றை மூடி, தொன்றுதொட்டு அறாத மரபு என்று எழுதுபவர் தமது பெருமைக்காக ஊரின் வடுவையும் மறைத்துவிடுகின்றார். “இவ்விடத்தில் நடை நின்றது” என்ற ஒரு வரி, பத்துப் பக்கத் தல வருணனையிலும் பெறுமதி மிக்கது.

மலர்களைத் தொகுப்போர் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் அடியார் நடக்கத் தொடங்கிய ஊரையும் வாகனம் ஏறிய இடங்களையும் கேட்டு அச்சிடலாம். அவ்வாறு கேட்டால், ‘பொத்துவில்’ என்று எழுதுவோர் தொகை ‘செல்வச்சந்நிதி’ என்போரினும் மிகக்கூடும்.