இசையா, அசைவா?

தாவரங்கள் இசைக்கு மயங்கி வளர்கின்றன என்ற கருத்தை உலகெங்கும் பரப்பிய நூல், பீட்டர் டாம்ப்கின்ஸும் கிறிஸ்டோபர் பர்டும் 1973-இல் எழுதிய ‘தாவரங்களின் இரகசிய வாழ்வு’. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் டி. சி. என். சிங்கின் சோதனைகளுக்கு அதில் சிறப்பிடம் உண்டு. ஹைடிரில்லா என்னும் நீர்த்தாவரத்தின் அருகே இசைக்கவை அதிர்ந்தபோது, அதன் செல்களுக்குள் புரோட்டோபிளாச ஓட்டம் விரைவுற்றதை அவர் கண்டார் என்கிறது நூல். தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு, நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமை சான்றாகாது.

குளோரெல்லா போன்ற நுண்பாசிகள் ஒலியால் கூடுதலாக வளர்ந்ததாக அண்மைக்கால ஆய்வுகளும் கூறுகின்றன. மாணவர்கள் இதைத் தாமே சோதிக்கலாம். அம்பத்தூர் ஏரியின் பச்சை நீரை இரு குடுவைகளில் எடுத்து, ஒன்றின் அருகே ஒலிபெருக்கியை வைப்பதாகக் கொள்வோம். அதிர்வினால் நீர் கலங்கினால், அடியில் படிந்த பாசி மேலெழுந்து ஒளி பெறும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் விரைந்து கரையும். கருவியின் வெப்பமும் சேரும். பாசி செழித்தால் புகழ் இராகத்துக்கா, கலக்கத்துக்கா?

எனவே மூன்றாவது குடுவை ஒன்று வேண்டும்: ஒலியில்லாமல், அதே அளவு கலக்கி, அதே ஒளியிலும் வெப்பத்திலும் வைத்தது. அதையும் விஞ்சி இசைக்குடுவை வளர்ந்தால் மட்டுமே ஒலியைப் பாராட்டலாம். இந்நூலில் நாம் தேட வேண்டியதும் அந்த மூன்றாவது குடுவையைத்தான்.