எச்சரிக்கைப் பலகை பாடமாகுமா?

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அறிவியல் பாடம் அத்துடன் நிற்பதில்லை. தோல் நனைந்தால் அதன் மின்தடை குறைகிறது. மின்தடை குறைந்தால், ஓம் விதிப்படி, அதே மின்னழுத்தத்தில் உடல்வழிப் பாயும் மின்னோட்டம் கூடுகிறது. ஆபத்து அதனால்தான் என்று காரணத்தையும் விளக்குகிறது. காரணம் அறிந்த மாணவர், எவரும் சொல்லித் தராத புதிய சூழ்நிலையிலும் தம்மைக் காத்துக்கொள்வார்.

இணையப் பாதுகாப்பை நம் பள்ளிகள் கற்பிக்கும் முறையை இதே அளவுகோலால் அளந்து பார்ப்போமா?

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் இறுதிப் பகுதியில் கணினி நன்னெறி, இணையப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய பாடம் ஒன்று இடம்பெற்றது. மென்பொருள் திருட்டு, நச்சு நிரல், தூண்டில் மோசடி, மறைகுறியாக்கம், மின்னணுக் கையொப்பம், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் என்று பலவும் அதில் பேசப்படுகின்றன. இவற்றைத் தமிழ்வழி மாணவருக்குத் தாய்மொழியிலேயே தந்தது பாராட்டத்தக்க பணி. ஆயினும் மூன்று குறைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, காலம். பதினோராம் வகுப்பில், அதுவும் கணினிப் பாடத்தை விரும்பி எடுத்தவருக்கு மட்டும் இது கிடைக்கிறது. கணக்குப்பதிவியலோ உயிரியலோ படிப்பவர் கைபேசியைத் தொடுவதில்லையா? 2020-இல் கொரோனா காரணமாக வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கைகளுக்கே கைபேசி வந்துவிட்டது. நீந்தக் கற்பிக்கும் பாடம், குழந்தை குளத்தில் இறங்கிப் பல ஆண்டுகள் கழித்து வருவதால் என்ன பயன்?

இரண்டாவது, முறை. தூண்டில் மோசடி என்றால் என்ன என்று கேட்டால், மாணவர் இலக்கணத்தை ஒப்பித்து மதிப்பெண் பெற்றுவிடுகிறார். ஆனால் கைபேசிக்கு வந்த ஒரு செய்தியைக் காட்டி, இது மெய்யா பொய்யா என்று கேட்டால் விழிக்கிறார். இதைக் கற்பிப்பது கடினமன்று. கடித உறையை நினைத்துப் பாருங்கள். அதில் பெயர், வீட்டு எண், தெரு என்று எழுதியிருந்தாலும், அஞ்சல் பிரிப்பவரின் கண் முதலில் தேடுவது கடைசி வரியில் உள்ள அஞ்சல் குறியீட்டு எண்ணையே. 600004 என்றால் மயிலாப்பூர். 600017 என்றால் தியாகராய நகர். இணைய முகவரியும் அப்படித்தான். அதன் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விடுத்து, அதன்பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'கவ்.இன்' என்று அப்பகுதி முடிந்தால் அது அரசுத் தளம். 'கவ்.இன்' நடுவில் வந்து, அதன்பின் வேறொரு பெயரும் 'காம்' என்பதும் தொடர்ந்தால், அது அந்த வேறொருவருடைய தளம். இந்த ஒரு விதியை அறிந்த குழந்தை, நாளை புதிதாக வரும் மோசடியையும் கண்டுகொள்ளும்.

கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும் என்கிறோம். ஏன்? ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26. ஆறு எழுத்துகளைக் கொண்டு அமைக்கக்கூடிய சொற்கள் 26-இன் ஆறாம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 30 கோடியே 89 லட்சம். திருடிய பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு கணினி நொடிக்கு 100 கோடி முறை முயல்கிறது எனக் கொள்வோம். எல்லாவற்றையும் சோதிக்க அதற்கு அரைநொடிகூட வேண்டாம். எழுத்துகள் பன்னிரண்டானால், அதே கணினிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடிக்கும். நீளம் இரு மடங்குதான். உழைப்போ 30 கோடி மடங்குக்கு மேல். (எழுத்துகள் எவ்வித ஒழுங்குமின்றி அமைந்திருந்தால்தான் இக்கணக்குப் பொருந்தும், பெயரையே கடவுச்சொல்லாக வைப்பவருக்குப் பொருந்தாது.) அடுக்குகளைக் கணக்கு வகுப்பில் நடத்தும்போதே இதைச் சொல்லிவிடலாம். தனிப் பாடவேளையும் தேவையில்லை.

மூன்றாவது குறையே பெரியது. பாடத்தின் பெரும்பகுதி மாணவரை ஏமாற்றப்படக்கூடியவராக அல்லது குற்றம் செய்யக்கூடியவராகப் பார்க்கிறது. செய்தியைக் கைமாற்றிவிடும் குடிமகனாக அவரைப் பார்ப்பது அரிது. 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பம், போளூர் அருகே வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அந்த வதந்தியைப் பரப்பியவர்களுள் பெரும்பாலோர் நல்லெண்ணத்துடனேயே அனுப்பியிருப்பர். அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. நிறுவனம் போட்ட வரம்பு வேகத்தைக் குறைக்கும்; பொய்யை மெய்யாக்குவதையோ மெய்யைப் பொய்யாக்குவதையோ அது அறியாது. யார் சொன்னது, எப்போது, எங்கே என்று கேட்கும் பழக்கத்தைப் பள்ளிதான் தர வேண்டும்.

'குழந்தைகளுக்கு இவ்வளவும் எதற்கு? கைபேசியைப் பிடுங்கிவிட்டால் போதாதா?' என்று சில பெற்றோர் கேட்கலாம். பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சமே குழந்தையின் வாயை மூடிவிடுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மிரட்டுபவனுக்கு அந்த மௌனமே ஆயுதம். 2021-இல் சென்னைப் பள்ளியொன்றின் இணைய வகுப்பு குறித்து மாணவியர் துணிந்து பேசிய பிறகே, தமிழ்நாடு அரசு இணைய வகுப்புகளுக்கு நெறிமுறைகளை வகுத்தது; பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கவும் பணித்தது. பேசியதால் கிடைத்த பயன் அது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, இணையவழிப் பண மோசடிக்கு 1930 ஆகியவை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்கட்டும். பண மோசடியில் விரைந்து சொன்னால்தான், பணம் கைமாறும் முன் அதை முடக்கும் வாய்ப்பு உண்டு என்பதையும் உடன் சொல்லுங்கள்.

ஆகவே பாடநூலாசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். இப்பாடத்தை ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக்குங்கள். இலக்கணம் கேட்பதை விடுத்து, ஒரு செய்தியைத் தந்து ஆராயச் சொல்லும் வினாக்களைத் தேர்வில் வையுங்கள்.

அதுவரை வாசகர்களாகிய நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று உங்கள் கைபேசிக்கு வந்த ஐயத்துக்குரிய செய்தி ஒன்றை, அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், தம்பி தங்கையருடன் உட்கார்ந்து வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள்.