எதுகைத் தேட்டமும் அகராதி அமைப்பும்

பாட்டெழுதப் பழகும் மாணவர் ஆசிரியரிடம் முதலில் கேட்பது, ஒத்த ஓசையுடைய சொற்களை எங்குத் தேடுவது என்பதாகும். அடியிறுதி ஒத்த சொற்களைப் பட்டியலிட்டு வழங்குவது எளிய விடை. ஆயினும் அது தமிழ் யாப்பின் இயல்புக்கு முழுதும் பொருந்துவதன்று.

தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு ஆகியவற்றைத் தொடை வகைகளாகக் கூறும். அடியிறுதி ஒன்றுவது இயைபு. எனினும் வெண்பாவிலும் விருத்தத்திலும் அடிகளைப் பிணைக்கும் பொறுப்பைப் பெரிதும் ஏற்றது எதுகையே. தமிழ் ஒட்டுநிலை மொழியாதல் இதற்கு ஒரு காரணம் எனலாம். 'வந்தான், சென்றான், நின்றான்' என்பவற்றின் ஒப்புமை ஆண்பால் விகுதி தந்தது. புலவன் தேடிக் கண்டதன்று. எதுகையோ சொல்லின் முற்பகுதியைப் பற்றி நிற்பது. 'அலை, கலை, நிலை, மலை' என்பன முதலெழுத்து அளவொத்து, இரண்டாம் எழுத்து ஒன்றியவை. 'மாலை' இவற்றோடு சேராது. அதன் முதலெழுத்து நெடில்.

இந்நான்கு சொற்களும் அகரவரிசை அகராதியில் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும். இவ்விடர்ப்பாட்டை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு, ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதியை எதுகை முறையில் அடுக்கியது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. சொற்களை அகரவரிசையில் நிறுத்திய அவரே தொடைக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியமை நோக்கத்தக்கது. பொருள் தேடுவோர்க்கு உதவும் வரிசை பாப்புனைவோர்க்குப் போதாது என்பதை அப்பகுப்பே உணர்த்துகிறது.

இயைபு பயனற்றது என்பது இதன் பொருளன்று. மெட்டுக்கு எழுதும் பாடலில் இசைத்தொடர் முடியுமிடத்தில் செவி ஒப்புமையை எதிர்பார்க்கிறது. ஆண்டும் விகுதி ஒப்புமையினும், 'மழை' என்னும் பெயரும் 'அழை' என்னும் ஏவலும் போல, இலக்கண வகையால் வேறுபட்ட சொற்கள் ஒன்றுவதே சுவை தரும்.

கணினிவழிச் சொல்தேடலுக்கும் இவ்வளவைகள் வேண்டும். ஒருங்குறியில் 'லை' என்பது லகரமும் ஐகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாய்ப் பதிவாகிறது. ஆகவே, குறியீடுகளை எண்ணும் நிரல் 'இரண்டாம் எழுத்தை'த் தவறவிடும். எழுத்தை எழுத்தாகவே கொள்ளும் நிரலே எதுகையைக் காணும்.

எப்பட்டியலும் சொற்களை முன்வைக்குமேயன்றித் தேர்ந்து தராது. எதுகைக்காகவே வந்து பொருளுக்கு உதவாத சொல் அடியை நிரப்பும், பாட்டை நிரப்பாது. எனவே, மாணவர் கையில் தொடைப்பட்டியலைத் தரும் ஆசிரியர், ஒவ்வொரு சொல்லும் அவ்விடத்தில் நிற்பதற்குரிய பொருட்காரணத்தையும் கேட்டல் வேண்டும். அவ்வினாவே தொடைப்பயிற்சியைக் கவிதைப்பயிற்சி ஆக்கும்.